புதையல் புரளியில் நான் பட்டபாடு: வரலாற்று வீடியோ போடுகிறவர்களுக்கு

மதுரையைச் சுற்றியுள்ள குன்றுகளைப் பற்றி வீடியோ போடுகிறவர்கள் இப்போது நிறையப் பேர் வந்துவிட்டார்கள். பார்க்கச் சந்தோஷமாக இருக்கிறது. அவர்களில் பலரும் என்னைப் போலத்தான். பகலில் வேறு வேலை, ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் கேமராவோடு மலை. நான் ஒரு ஜவுளிக்கடையில் கணக்கு எழுதுகிறேன். கல்லூரியில் தொல்லியல் படிக்கவில்லை. வார இறுதி வகுப்புகளுக்குப் போய், கல்வெட்டுகளில் இருக்கும் பழைய எழுத்துகளான தமிழியையும் வட்டெழுத்தையும் படிக்கக் கற்றுக்கொண்டேன். போன ஆண்டு என் வீடியோ ஒன்றை யாரோ வெட்டி, குன்றில் புதையல் இருப்பதாகப் புரளி கிளப்பிவிட்டார்கள். எனக்கு நடந்த மாதிரி இன்னொருவருக்கு நடக்கக்கூடும். எனக்கு முன்னாடியே யாராவது இதையெல்லாம் சொல்லியிருந்தால் பாதிக் கஷ்டம் மிச்சமாகியிருக்கும். ஆகவே நடந்தது நடந்தபடி எழுதுகிறேன்.

முதலில், இதில் எனக்கு ஏன் இவ்வளவு பிடிப்பு என்று சொல்லிவிடுகிறேன். மாங்குளம் மலையில் பாண்டியன் நெடுஞ்செழியன் பெயர் பாறையில் இருக்கிறது. 1882-இல் ராபர்ட் சீவெல் அந்த எழுத்துகளைக் கண்டார். 1924-இல் கே.வி. சுப்பிரமணிய ஐயர் இவை தமிழ்தான் என்று காட்டினார். நெடுஞ்செழியன் பெயரைக் கல்வெட்டு அறிஞர் ஐராவதம் மகாதேவன் படித்துச் சொன்னது 1965-இல். ராஜா பெயர் இருப்பது பெருமைதான். ஆனால் என்னை இழுத்துப் பிடித்தது அழகர்மலை. கிடாரிப்பட்டிப் பக்கம் ஏறினால், குகையின் நெற்றியில் மழைத்தண்ணீர் உள்ளே வழியாமல் இருக்க வெட்டிய காடி, அதை ஒட்டி வரிசையாக எழுத்துகள். குகையில் தங்கிய சமணத் துறவிகளுக்குக் கல்லில் படுக்கை வெட்டிக்கொடுக்க உதவியவர்களின் பெயர்கள் அவை. உப்பு விற்றவன், வெல்லப்பாகு விற்றவன், ஏர்க்கொழு விற்றவன், துணி விற்றவன், மதுரையிலிருந்து வந்த பொன்கொல்லன் ஒருவன். இரண்டாயிரம் ஆண்டுக்கு முன்னால் துணி விற்றவன் பெயர் பாறையில் நிற்கிறது. துணிக்கடையில் கணக்கு எழுதுகிற எனக்கு அதைப் பார்த்ததும் கண் கலங்கிவிட்டது. இதை நாலு பேருக்குக் காட்ட வேண்டும் என்றுதான் சேனல் ஆரம்பித்தேன்.

பிரச்சினை வந்தது இந்தப் பெரிய இடங்களில் இல்லை. அங்கெல்லாம் தொல்லியல் துறையின் அறிவிப்புப் பலகை உண்டு, பல இடங்களில் கம்பி வேலியும் உண்டு. மதுரைக்கு மேற்கே ஒரு சின்னக் குன்று இருக்கிறது. பெயர் சொல்லப் போவதில்லை, ஏன் என்று போகப் போகப் புரியும். அங்கே தலைமாட்டைச் சற்று உயர்த்தி வெட்டிய கற்படுக்கைகள், தேய்ந்துபோன ஒரு வட்டெழுத்து வரி, வெள்ளை நிறத்தில் பாறை ஓவியங்கள். மனிதன் ஒருவன் விலங்கின் மேல் ஏறி நிற்பது போன்ற ஓவியம் ஒன்று அவ்வளவு உயிரோட்டமாக இருக்கும். ஊர்க்காரர்கள் பஞ்சபாண்டவர் படுக்கை என்பார்கள். பலகை கிடையாது, வேலி கிடையாது. மேலே ஒரு சின்னக் கோயில், வருஷத்துக்கு ஒரு பொங்கல், மற்றபடி ஆடு மேய்க்கிறவர்கள்தான். ஊர்ப் பெரியவர் ஒருவரிடம் கேட்டுக்கொண்டு, அவரே கூட வந்து காட்ட, படம் எடுத்தேன்.

வீடியோவில், இந்த மாதிரிப் படுக்கைகளை யார் வெட்டிக்கொடுத்தார்கள் என்று விளக்குவதற்காக அழகர்மலைக் கல்வெட்டுகளைப் பற்றிப் பேசினேன். ‘மதுரையைச் சேர்ந்த ஒரு பொன்கொல்லன்’ என்று சொல்லும்போது திரையில் இந்தக் குன்றின் படுக்கை ஓடிக்கொண்டிருந்தது. வீடியோ எடிட் செய்கிற எல்லோருடைய வழக்கமும் அதுதான். ஒரு இடத்தைப் பற்றிப் பேச்சு, இன்னொரு இடத்தின் படம்.

சில வாரங்கள் ஒன்றும் இல்லை. அப்புறம் கடையில் கூட வேலை பார்க்கிற அக்கா தன் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் வந்த ஒரு வீடியோவைக் காட்டி, “இது உன் குரல் மாதிரி இருக்கே” என்றார். ஒரு நிமிடம்கூட இல்லாத துண்டு. ஆரம்பத்தில் என் குரலில் ‘பொன்கொல்லன்’. அதற்கப்புறம் யாரோ ஒரு ஆணின் குரல், பின்னணியில் உறுமி. பாண்டியர் காலப் பொன் எங்கே இருக்கிறது என்று கல்வெட்டு சொல்வதாகவும், அரசாங்கம் மறைப்பதாகவும், படுக்கையின் தலைமாடு எந்தத் திசையோ அந்தத் திசையில் தோண்ட வேண்டும் என்றும் அந்தக் குரல் சொன்னது. என் சேனல் பெயரை மட்டும் மங்கலாக்கியிருந்தார்கள். எனக்குக் கை நடுங்கியது. அன்றைக்கு வரவு செலவை இரண்டு தடவை தப்பாகக் கூட்டினேன்.

ஊர்ப் பெயரை நான் வீடியோவில் எங்கேயும் சொல்லவில்லை. எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்று அப்புறம்தான் தெரிந்தது. குன்றின் மேலிருந்து எடுத்த ஒரு காட்சியில், தூரத்தில் ஊராட்சியின் தண்ணீர்த் தொட்டி தெரிகிறது. தொட்டியில் நீலப் பெயின்டில் ஊர்ப் பெயர். படத்தை நிறுத்திப் பெரிதாக்கினால் படிக்க முடிகிறது. ஆகவே பாதுகாப்பில்லாத இடத்தைப் படம் எடுக்கிறவர்கள், வெளியே விடுவதற்கு முன் ஒவ்வொரு காட்சியையும் நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். தண்ணீர்த் தொட்டி, பஸ் பலகை, ரேஷன் கடை, பள்ளிக்கூட வளைவு, மின்கம்பத்து எண், ஏன், வழிகாட்ட வந்தவர் வண்டியின் நம்பர் வரைக்கும் பாருங்கள். போனில் எடுக்கிற புகைப்படத்துக்குள் இடத்தின் ஆயத்தொலைவு பதிவாகும். கேமரா அமைப்பில் போய் அதை அணைத்து வையுங்கள். ஒருவருக்கு மூலப்படத்தை ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்பினால் அந்தத் தகவலும் கூடவே போய்விடும். கமெண்டில் ‘லொகேஷன் ப்ளீஸ்’ என்று கேட்பவர்களில் முக்கால்வாசிப் பேர் ஆசையோடு கேட்கும் நல்லவர்கள்தான். ஆனால் நாம் ஒருவருக்குச் சொன்னால் அது எல்லோருக்கும் சொன்னதுதான். அவர்களை மாங்குளத்துக்கும் கீழக்குயில்குடிச் சமணர் மலைக்கும் கொங்கர்புளியங்குளத்துக்கும் போகச் சொல்லுங்கள். அங்கே வழி இருக்கிறது, பலகை இருக்கிறது, நாலு பேர் கண்ணும் இருக்கிறது.

அந்தத் துண்டு பரவின கொஞ்ச நாளில் பெரியவர் போன் செய்தார். “தாயி, ராத்திரி மலையில லைட்டு தெரியுது. யாரோ தோண்டுறாய்ங்க. நீ எடுத்துட்டுப் போன படம்தேன் எல்லார் போன்லயும் ஓடுது.” கோபம் இல்லாமல்தான் சொன்னார். அது எனக்கு இன்னும் வலித்தது. மறுநாள் லீவு போட்டுவிட்டுப் போனேன். படுக்கையின் தலைமாட்டை ஒட்டிக் கடப்பாரையால் குத்தி, உயர்த்தி வெட்டியிருந்த விளிம்பில் உள்ளங்கை அகலத்துக்குப் பெயர்த்திருந்தார்கள். பெயர்ந்த இடம் மட்டும் புதுக்கல் நிறத்தில் பளிச்சென்று இருந்தது. பக்கத்தில் இடுப்பளவுக்குக் குழி. குழியோரம் அறுத்த எலுமிச்சை, குங்குமம், கோழி இறகு. ஓவியத்தில் அந்த மனிதனின் காலுக்குக் கீழே கரியால் அம்புக்குறி. ஆயிரம் ஆண்டுக்கு மேல் மழைக்கும் வெயிலுக்கும் ஈடுகொடுத்த கல்லை ஒரே ராத்திரியில் உடைத்துவிட்டார்கள். நான் அங்கேயே உட்கார்ந்து அழுதேன். பெரியவர் ஒன்றும் பேசாமல் குழியில் மண்ணைத் தள்ள ஆரம்பித்தார். நான் தடுத்தேன். படம் எடுக்கும் வரைக்கும் எதையும் தொடக் கூடாது என்று அந்த நேரத்தில் தோன்றியது பெரிய உதவியாக அமைந்தது. பக்கத்தில் ஒரு அளவுகோலை வைத்துக் குழியையும் உடைப்பையும் எல்லாப் பக்கத்திலிருந்தும் எடுத்துக்கொண்டேன்.

அன்று சாயங்காலம் காவல் நிலையத்திலிருந்து அழைப்பு. யாரோ என் பெயரைக் கொடுத்திருக்கிறார்கள். “நீங்கதான் புதையல் இருக்குன்னு வீடியோ போட்டதா?” என்றுதான் விசாரணை தொடங்கியது. எஸ்.ஐ. மரியாதையாகத்தான் பேசினார். ஆனால் அவர் பார்த்திருந்தது அந்தத் துண்டை மட்டும். அதில் கேட்பது என் குரல். முழு வீடியோவையும் அங்கேயே உட்கார்ந்து போட்டுக் காட்டினேன். புதையல் என்ற பேச்சே அதில் இல்லை என்று அவருக்குப் புரிந்தது. இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். வாயால் சொல்லிவிட்டு வந்துவிடாதீர்கள். நீங்களே எழுத்தில் புகார் கொடுங்கள். உங்கள் மூல வீடியோவின் இணைப்பு, பதிவேற்றிய தேதி, துண்டு வீடியோ எந்த எண்ணிலிருந்து எந்தக் குழுவில் எப்போது வந்தது என்பதற்கான ஸ்கிரீன்ஷாட், இவற்றை அச்செடுத்து இணைத்து, புகாரைப் பெற்றுக்கொண்டதற்கு போலீஸ் தரும் சி.எஸ்.ஆர் ரசீதைக் கேட்டு வாங்குங்கள். பின்னால் வந்த எல்லாச் சிக்கலிலும் எனக்குக் கைகொடுத்தது அந்த ஒரு தாள்தான். சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் தெரிந்து வைத்திருங்கள். 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, மண்ணில் மறைந்து கிடந்த பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள பொருள் கிடைத்தால் கலெக்டருக்குத் தெரிவித்தாக வேண்டும். கண்டெடுத்தவனுக்கே சொந்தம் என்று கிடையாது. இதை இப்போது என் ஒவ்வொரு வீடியோவிலும் ஒரு வரியாகச் சொல்கிறேன்.

அடுத்த அடி நான் எதிர்பாராத பக்கத்திலிருந்து வந்தது. அந்தத் துண்டை முழு நீள வீடியோவாக்கி ஒரு சேனல் யூடியூபில் போட்டிருந்தது. என் படங்கள் அப்படியே. காப்பிரைட் புகார் கொடுத்தேன், எடுக்கப்பட்டது. அப்பாடா என்று இருந்தேன். கொஞ்ச நாளில், என் மூல வீடியோ மேலேயே யாரோ ஒருவர் பெயரில் காப்பிரைட் புகார். என் வீடியோ போய்விட்டது, சேனலில் ஒரு ஸ்ட்ரைக், அதாவது யூடியூபின் தண்டனை எச்சரிக்கை. அடுத்து இன்னொரு வீடியோ மேல் இரண்டாவது ஸ்ட்ரைக். மூன்று சேர்ந்தால் சேனலே மூடப்படும். நான் எடுத்த படத்தை நான் திருடியதாகச் சொல்கிறார்கள். ராத்திரி தூக்கம் போனது. அம்மா “இதெல்லாம் நமக்கு எதுக்குடி, விட்டுத் தொலை” என்றார். விட்டுவிடலாம் என்று நானும் நினைத்தேன். ஆனால் என் வீடியோ போய் அந்தத் துண்டு மட்டும் மிஞ்சினால், அந்தக் குன்றைப் பற்றி உலகத்தில் இருக்கும் ஒரே செய்தி புதையல் என்பதாகிவிடும். அதைத் தாங்க முடியவில்லை.

இதற்கு வழி இருக்கிறது. எதிர் அறிவிப்பு கொடுக்கலாம். கொடுத்தால், புகார் செய்தவர் 10 வேலை நாட்களுக்குள் நீதிமன்றத்துக்குப் போனதற்கு ஆதாரம் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் வீடியோ திரும்ப வந்துவிடும். ஆனால் கொடுக்கிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். அதில் உங்கள் உண்மையான பெயரும் முகவரியும் எழுத வேண்டும், அவை புகார் கொடுத்தவருக்கே அனுப்பப்படும். ராத்திரியில் கடப்பாரையோடு மலையேறுகிறவர்களோடு தொடர்புடைய ஆள் யாரோ, அவர் கையில் என் வீட்டு முகவரி. படிவத்தை நிரப்பி அனுப்பு என்ற பொத்தானை அழுத்தப் போகும்போதுதான் அந்த வரியைப் படித்தேன், அப்படியே மூடிவிட்டேன். ஒரு வக்கீலைப் பிடித்தேன். நம் சார்பில் வக்கீலே எதிர் அறிவிப்பு கொடுக்கலாம். கேமராவிலிருந்து இறக்கிய மூலக் கோப்புகள் அத்தனையும் என்னிடம் இருந்தன. எடிட் செய்த வீடியோவை யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம். வெட்டாத மூலக் கோப்பு எடுத்தவரிடம்தான் இருக்கும். ஹார்டு டிஸ்க் விலை கூடுதல் என்று மூலத்தை அழித்துவிடாதீர்கள். இடத்தில் எடுத்த கைக்குறிப்பையும் தேதியோடு வையுங்கள். நீதிமன்றம் என்றதும் அந்தப் புகார்க்காரர் காணாமல் போய்விட்டார். வீடியோக்கள் திரும்ப வந்தன, ஸ்ட்ரைக்குகளும் நீங்கின.

செலவைச் சொல்கிறேன், ஏனென்றால் இதை யாரும் சொல்வதில்லை. வக்கீல் கட்டணம், லீவுக்குச் சம்பளப் பிடித்தம், சேனலிலிருந்து வராமல் போன பணம், கையை விட்டுப் போன ஒரு கைத்தறிக்கடை விளம்பரம் எல்லாம் சேர்த்து ரூ.70,000-ஐ ஒட்டி வந்தது. என் மாதிரி சம்பளக்காரிக்கு அது சின்னத் தொகை இல்லை. கழுத்துச் சங்கிலி ஒன்று இன்னும் அடகில் இருக்கிறது. ஆறேழு மாதத்துக்குப் புதிதாக ஒரு வீடியோகூட எடுக்கவில்லை. தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தால் இப்போதும் நெஞ்சு ஒருமுறை திக்கென்கிறது.

வாட்ஸ்அப்பில் போனது போனதுதான், திரும்பப் பிடிக்க முடியாது. முதலில் அரை மணி நேர மறுப்பு வீடியோ போட்டேன். துண்டைப் பார்த்த ஆட்களிடம் அது போகவே இல்லை. அப்புறம் பெரியவரையே பேச வைத்து ஒரு நிமிடத்தில் ஒன்று எடுத்தேன். “இந்தப் படுக்கையில படுத்த சாமியார்க கையில காசே இல்ல, பிச்ச எடுத்துச் சாப்பிட்டவுக. அவுக எங்குட்டு பொன்னப் பொதைக்க?” என்றார். சமணத் துறவிகளைப் பற்றி நான் மணிக்கணக்காகச் சொன்னதை அவர் இரண்டே வரியில் சொல்லிவிட்டார். அதுதான் பரவியது. துண்டு வந்த அதே குழுக்களுக்கு அதுவும் போனது. மறுக்கும்போது தலைப்பில் ‘புதையல்’ என்று வைக்காதீர்கள், அது பொய்க்கே இன்னொரு விளம்பரம். உண்மை என்ன என்பதிலிருந்து ஆரம்பியுங்கள்.

இப்போது நான் வீடியோ எடுக்கிற முறையே மாறிவிட்டது. எதை எங்கே வெட்டினாலும் அந்தத் துண்டு தனியாக நின்று உண்மையைச் சொல்ல வேண்டும், அதை வைத்துத்தான் எழுதுகிறேன். ஒரு இடத்தைப் பற்றிப் பேசும்போது அந்த இடத்தின் படம் மட்டும்தான். இடத்தின் பெயரைப் படத்தின் நடுவிலேயே எழுத்தாகப் பதித்துவிடுகிறேன், ஓரத்தில் வைத்தால் வெட்டிவிடுவார்கள். காலத்தைச் சொன்னால் எப்படிக் கணக்கிட்டார்கள் என்பதையும் அதே வாக்கியத்தில் சொல்கிறேன். உதாரணமாகக் கீழடி. ‘கி.மு. 6-ஆம் நூற்றாண்டு’ என்று மட்டும் சொன்னால், அங்கே கிடைத்த ஒவ்வொரு பானை ஓடும் அந்தக் காலத்தது என்று ஆக்கிவிடுவார்கள். ஆய்வுக்கு அனுப்பிய கரி மாதிரிகளில், 353 செ.மீ. ஆழத்தில் எடுத்த ஒன்றுக்குத்தான் கி.மு. 580 என்று வந்தது, அதை 2019 அறிக்கையில் வெளியிட்டார்கள் என்று சேர்த்துச் சொன்னால் வெட்டுவதற்கு இடமில்லை. பாறையில் வெட்டிய எழுத்துக்கோ நேரடியாகக் கரிமக் காலக்கணிப்பு செய்ய முடியாது. எழுத்தின் வடிவத்தை வைத்துத்தான் மதிப்பிடுகிறார்கள். இதைச் சொன்னால் வீடியோ சப்பென்று ஆகிவிடும் என்பார்கள் சிலர். என் அனுபவத்தில் அதற்குத்தான் நல்ல கேள்விகள் வருகின்றன. ‘எங்க சாதிக்காரன் கல்வெட்டு’ என்று இரண்டு கூட்டம் அடித்துக்கொள்வதும் குறைந்தது. உப்பு விற்றவனுக்கு நாம் இன்று சாதி ஒட்டுவது அநியாயம்.

எழுத்து தெளிவாகத் தெரியட்டும் என்று சாக்பீஸ் தடவுவது, பெயின்ட் அடிப்பது, தண்ணீர் ஊற்றுவது எதுவும் வேண்டாம். காலை ஏழு மணிக்குள் போனால் சாய்வெயிலில் எழுத்து தானாகவே நிழல் கட்டி எழும்பும். மேகமூட்டமாக இருந்தால் டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்தால் போதும். மைப்படி எடுப்பது, அதாவது கல்வெட்டின் மேல் தாளை ஒட்டி மையால் படி எடுப்பது, பழகியவர்கள் அனுமதியோடு செய்ய வேண்டியது. பாதுகாக்கப்பட்ட சின்னங்களில் முக்காலி வைத்துப் படம் பிடிக்கவும், டிரோன் பறக்கவிடவும் முன்கூட்டியே அனுமதி கேளுங்கள்.

அந்தக் குன்றுக்காக ஊர்க்காரர்கள் சேர்ந்து கிராம சபையில் தீர்மானம் போட்டார்கள். 1966-ஆம் ஆண்டு மாநிலச் சட்டப்படி பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவிக்கக் கேட்டு, கலெக்டருக்கும் தொல்லியல் துறைக்கும் அனுப்பியாயிற்று. துறையிலிருந்து வந்து பார்த்து அளந்துவிட்டுப் போயிருக்கிறார்கள், அறிவிப்பு இன்னும் வரவில்லை. இதே மாதிரி ஒரு இடம் உங்கள் ஊரில் இருந்தால், படம் வெளியிடுவதற்கு முன்னாடியே இந்தத் தீர்மானத்தைப் போடச் சொல்லுங்கள். வருவாய்க் கிராமத்தின் பெயர், சர்வே எண், நிலம் யாருடையது என்ற விவரம், என்னென்ன இருக்கின்றன என்ற பட்டியல், தேதியிட்ட புகைப்படங்கள், இவை மனுவில் கட்டாயம் இருக்க வேண்டும். வி.ஏ.ஓ.விடம் கேட்டால் சர்வே எண் கிடைக்கும். எங்கள் மனுவின் நகலை, ஊர்ப் பெயரை மறைத்துவிட்டு, கேட்கிறவர்களுக்கு அனுப்புகிறேன்.